மருலா இல்லாத குகை

எங்கள் குலப்பெயர் நியாத்தி. நான் புலவாயோ நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் அந்தப் பெயரைச் சொன்னால் மத்தோபோ மலைப்பக்கம் எந்த ஊரிலும் எனக்கு ஓர் அத்தை கிடைத்துவிடுவாள். அங்கே எனக்கு இடம் கொடுத்த வெலாபியின் மனைவியும் நியாத்தி குலத்தில் பிறந்தவள். கட்டிக்கொண்டு வந்த பெண்ணைப் பிறந்த குலத்தின் பெயரால் கூப்பிடுவது எங்கள் வழக்கம் என்பதால் ஊருக்கு அவள் மாநியாத்தி. எனக்கு முதல் நாளே அத்தையாகிவிட்டாள். வெலாபி மாமாவானார். அவர்கள் வீட்டில் காலியாகக் கிடந்த ஒரு குடிசையை ஒழித்துக் கொடுத்தார்கள். மருலாப் பழம் பழுத்து உதிரும் பருவம் முழுக்க அங்கே தங்கினேன்.

நான் போனது ஈ பிடிக்க.

வாழைப்பழத்தை நாலு நாள் மறந்து வைத்தால் வந்து மொய்க்குமே, எள்ளளவு உடம்பும் சிவப்புக் கண்ணுமாக, அந்தப் பழ ஈதான். உலகத்தில் அது இல்லாத அடுப்படி கிடையாது. மனிதன் போன இடமெல்லாம் கூடவே போய் ஒட்டிக்கொண்டது. ஆனால் அடுப்படிக்கு வருமுன் அது எங்கே இருந்தது, காட்டில் எந்தப் பழத்தில் முட்டையிட்டது, எந்த நிழலில் ஒதுங்கியது என்று பார்த்தவர்கள் குறைவு. எங்கள் பக்கத்து மருலாக் காடுதான் அதன் தாய்வீடு என்று ஆய்வகத்தில் ஒரு பேச்சு. அதைக் கண்ணால் பார்த்து வரச்சொல்லி என்னை அனுப்பியிருந்தார்கள்.

இதையெல்லாம் அத்தைக்கு விளக்கிச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இம்புட்டுப் படிச்சிட்டு ஈ பிடிக்க வந்தியா புள்ள? எங்க அடுப்படிக்கு வா, கூடை கூடையா அள்ளிட்டுப் போ” என்றாள். அதோடு விடவில்லை. ஈக்களை நான் ஒரு குழாயில் வாயால் உறிஞ்சிக் கண்ணாடிக் குப்பியில் அடைப்பதைப் பார்த்திருக்கிறாள். குழாய்க்கு நடுவே வலைத்துணி இருக்கிறது, எதுவும் வாய்க்குள் போகாது என்று எத்தனை தடவை காட்டினாலும் நம்பமாட்டாள். தட்டில் சோளக்களியை வைக்கும்போது, “ஏற்கெனவே வயிறு நிறைஞ்சிருக்கும், கொஞ்சமாப் போடவா?” என்பாள். நல்ல சதைப்பிடிப்பான, ஐம்பது தாண்டிய பெண். சிரித்தால் தோள் குலுங்கும்.

வெலாபி மாமா அதற்கு நேர்மாறாக ஒட்டடைக்கம்பு போல இருப்பார். வனக்காவலில் வேலை பார்த்து ஓய்ந்தவர். டயர்ச் செருப்போடு பாறைமேல் ஆடு போல ஏறுவார். அவர்தான் எனக்கு வழிகாட்டி. தண்ணீர் பாட்டிலில் ஓட்டை போட்டு, வாழைப்பழக் கூழோடு ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைக் கலந்து வைத்தால் அதுதான் பொறி. மருலா மரத்தடிகளிலும் பாறைக்குகைகளிலும் அவற்றை மாட்டிவைத்தோம். வெயில் ஏறுமுன் போய் இறக்குவோம். பிறகு முற்றத்தில் முக்காலி போட்டு நுண்ணோக்கியோடு உட்காருவேன்.

பொறியில் விழுவதெல்லாம் நான் தேடும் ஈ அல்ல. முதுகில் வெள்ளைக்கோடு இழுத்தது வரும், அது வேறு ஜாதி. முழுக்கக் கறுத்தது வரும், அதுவும் வேறு. என் ஈயில் ஆணுக்கு வால்நுனி மையைத் தொட்டது போல இருக்கும். முன்னங்காலில் சீப்புப்பல் மாதிரி ஒரு வரிசை முடி. அதோடும் முடியாது. இதே அடையாளங்களோடு பங்காளி மாதிரி இன்னொரு ஈ உண்டு. வாலடியில் இருக்கும் ஒரு சின்ன மடலின் வடிவத்தைப் பார்த்துத்தான் இரண்டையும் பிரிக்க வேண்டும்.

“ஆம்பள ஈயவே இப்படி உத்து உத்துப் பாக்கிறியே மருமகளே” என்பார் மாமா. “சீக்கிரம் உனக்கு ஒரு மாப்பிள்ளை பாக்கணும்.”

“வால்நுனி கறுப்பா இருக்கணும் மாமா. அதை மட்டும் சொல்லிடுங்க” என்பேன். அத்தை அடுப்படியிலிருந்து சிரிப்பாள்.

அந்த வருஷம் மழை தாராளம். மருலா தரை தெரியாமல் கொட்டிக்கிடந்தது. மஞ்சளாய், தோல் வெடித்து, புளித்த வாடையோடு. பொறிகளில் என் ஈ நிறையவே விழுந்தது. மரத்தடியைவிட, பழத்தை யாரோ எப்போதோ கொண்டுபோய்த் தின்ற குகைகளில் இன்னும் அதிகம். வேலை ஒழுங்காகத்தான் போனது. ஒன்றே ஒன்று பாக்கி. மருலா இருக்குமிடத்தில் ஈ இருக்கிறது என்று சொன்னால் போதாது. மருலா இல்லாத இடத்தில் அது இல்லை என்றும் காட்ட வேண்டும். சுற்றுவட்டாரத்தில் ஒரு மருலா மரமும் இல்லாத, ஆள் புழங்காத ஒரு குகை வேண்டும் என்று மாமாவிடம் கேட்டேன்.

அவர் செருப்பின் வாரை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். பிறகு, மலைக்கு அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறது, வெறும் பாறையும் முள்ளும்தான், யாரும் போவதில்லை என்றார்.

மறுநாள் போனோம். நடந்தால் அரைப் பொழுதுக்குக் குறைவான தூரம்தான். குகைவாய் குறுகல். மேலே அத்திமர வேர் ஒன்று பாறையைப் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. பொறியை மாமாவே வாங்கி அந்த வேரில் மாட்டினார். முகத்தை வெளிப்பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டி மாட்டினார். நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில நாள் கழித்து இறக்கப் போனபோது பாட்டிலின் உள்பக்கம் தெரியவில்லை. ஈ அப்பிக்கிடந்தது.

வெள்ளைக்கோட்டு ஈ ஒன்றிரண்டு விழுந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் லென்ஸை வைத்தால் எல்லாம் என் ஈ. மை தொட்ட வால், காலில் சீப்பு.

மாமா பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். காற்று அடித்துக் கொண்டுவந்திருக்கும் என்றார். எனக்கும் அப்படி நினைக்கத்தான் ஆசை. டார்ச்சை எடுத்துக்கொண்டு குகைக்குள் நாலடி வைத்தேன். உள்சுவரில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. உடம்பு பால் போல வெளுத்து, சிறகு இன்னும் மடிந்தபடி. புழுவாயிருந்து ஈயாகிச் சற்று நேரம்கூட ஆகாதது.

“மாமா, இது காத்துல வரல. இப்பதான் பொறந்திருக்கு. இதால பறக்கவே முடியாது. உள்ள எங்கயோ மருலா இருக்கு.”

திரும்பிப் பார்த்தேன். அவர் குகைவாயிலிருந்து பின்னால் நகர்ந்து வெயிலில் நின்றுகொண்டிருந்தார். என்னோடு உள்ளே வரவில்லை.

குகை ஓரிடத்தில் முழங்கை மடங்குவது போலத் திரும்பியது. அதற்கப்பால் இருட்டு, குளிர்ச்சி. புளித்த வாடை தொண்டையில் இறங்கியது. டார்ச் வெளிச்சம் பட்டதும் முன்னாலிருந்து ஒரு புகை எழும்பி என் முகத்தில் மோதிப் பின் அடங்கியது. எல்லாம் ஈ. அது தணிந்த பிறகு பார்த்தேன். இடுப்பளவு உயரத்தில் ஒரு பாறைத்திட்டு. அதன்மேல் மருலாப் பழங்கள். குரங்கு கொண்டுவந்து எறிந்தது போல இல்லை. மண் துடைத்து, காம்பு கிள்ளி, ஒன்றையொன்று தொடாமல் அடுக்கியிருந்தது. ஒரு வரிசை புதுசு. அதற்குப் பின்னால் அழுகியது. அதற்கும் பின்னால், சுவரோரமாக, தரையிலிருந்து திட்டு வரைக்கும் கொட்டைகள் குவிந்துகிடந்தன. மேலே இருந்தவை பழுப்பு. அடியில் இருந்தவை கரிக்கட்டை போலக் கறுத்திருந்தன.

குனிந்து சிலவற்றை எடுத்துப் பார்த்தேன். பல கொட்டைகள் உடைத்திருந்தன. மருலாக் கொட்டை சாமானியத்தில் உடையாது. அணில் தின்றால் ஓட்டை போடும். முள்ளம்பன்றி கொறித்தால் பல் தடம் இருக்கும். இவை கல்லின்மேல் வைத்துக் கல்லால் தட்டி, பருப்பை ஊசியால் நெம்பி எடுத்தவை. மனிதக் கை செய்கிற வேலை அது. பக்கத்திலேயே தட்டிய கல்லும் கிடந்தது. குழி விழுந்து வழவழத்திருந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. பார்த்ததை மாமாவிடம் சொன்னேன். அவர் அங்கிருந்த கல்லில் உட்கார்ந்தார். ஈ பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

கடைகளையெல்லாம் அடைத்து, ஊரைப் பட்டினி போட்டு, அரசாங்கப் படை வந்து உட்கார்ந்ததே, அந்த வருஷம். எங்கள் பக்கத்தில் அதற்குமேல் யாரும் விவரம் கேட்கமாட்டார்கள். வாலிபப் பையன்களைத் தேடித் தேடிக் கொண்டுபோனார்கள். மாமாவின் அண்ணன் மலூசி அப்போது புது மாப்பிள்ளை. இந்தக் குகையில்தான் ஒளிந்திருந்தார். பிறகு ஒரு நாள் இங்கே இல்லை. வேறெங்கும் இல்லை. பிணமும் கிடைக்கவில்லை. பிணம் இல்லாததால் சடங்கும் இல்லை. சடங்கு இல்லாததால் அவர் வீட்டுத் தெய்வங்களோடு சேரவும் இல்லை.

“அவன் உள்ளதான் இருக்கான் மருமகளே. பசிக்குது அவனுக்கு.” பிறகு, “உன் அத்தைகிட்ட இதைச் சொல்லிடாதே. அவ முதல்ல அவன் பொண்டாட்டி” என்றார்.

அண்ணன் இல்லாமல் போனால் அவன் மனைவியைத் தம்பி ஏற்றுக்கொள்வது எங்களில் புதுசல்ல. ஆனால் நான் அந்த வீட்டில் அத்தனை நாள் சாப்பிட்டும் அது எனக்குத் தெரியாது. அவர்களைப் பார்த்தால் தெரியவும் செய்யாது.

அதிலிருந்து மாமா மாறிப்போனார். என்னைக் கேலி செய்வதை விட்டார். சாப்பிடும்போது கறியில் நல்ல துண்டைத் தட்டோரம் ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்துபோவார். இருட்டிய பிறகு முற்றத்து முள்படலைச் சாத்துவது அவர் வேலை. அதைச் சாத்தாமல் விட்டார். அத்தை ஆடுகள் போய்விடும் என்று திட்டிவிட்டுத் தானே சாத்துவாள். விடியும்போது பார்த்தால் திறந்திருக்கும். ஒருநாள் நுண்ணோக்கியின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, மனிதன் இருக்கிற வாடை இருந்தால் இந்த ஈ வருமா என்று கேட்டார்.

“வரும் மாமா. ஆள் இருக்கிற இடம்தான் அதுக்கு ரொம்பப் பிடிக்கும்” என்று வேலை ஞாபகத்தில் சொல்லிவிட்டேன். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தலையை ஆட்டியபடி போய்விட்டார்.

எனக்கும் தூக்கம் போயிற்று. நான் ஆவி பூதம் என்று அலைகிறவள் அல்ல. ஆனால் கண்ணை மூடினால் அந்த வழவழத்த கல் வந்து நின்றது. யாரோ அங்கே பழம் வைக்கிறார்கள் என்பது வரைக்கும் எனக்குப் புரிந்தது. யார் என்று தெரிந்துவிட்டால் மாமாவைப் பிடித்த பயம் விட்டுப்போகும் என்று நினைத்து, ஒரு காலையில் அவரிடம் சொல்லாமல் தனியாகப் புறப்பட்டேன்.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. குகைக்கு எதிரே பாறை நிழலில் உட்கார்ந்திருந்தேன். முள்புதருக்கிடையே ஒற்றையடிப் பாதையில் முதலில் ஒரு எனாமல் பேசின் தெரிந்தது. பிறகு அதைச் சுமந்த தலை. மாநியாத்தி அத்தை.

அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. நேரே வந்து பேசினை இறக்கி வைத்தாள். வீட்டு முற்றத்து மரத்துப் பழங்கள். துடைத்துவைத்தவை.

“ஈ காட்டிக்குடுத்துருச்சா?” என்றாள்.

நான் தலையசைத்தேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து இடுப்பில் சுற்றிய துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த வருஷம் நடந்ததை அவள் சொன்ன விதம், நேற்றுச் சந்தைக்குப் போனதைச் சொல்வது போல இருந்தது. சமைத்த சோற்றோடு மலைப்பக்கம் போகிறவளைப் படைக்காரர்கள் நிறுத்துவார்கள். யாருக்குச் சோறு என்று கேட்பார்கள். மருலாக் கூடையோடு போகிறவளை யாரும் கேட்பதில்லை, பசிக்குப் பழம் பொறுக்குகிறாள் என்று விட்டுவிடுவார்கள். அதனால் அவள் புருஷனுக்கு மருலாவைத்தான் கொண்டுபோனாள். பேசக்கூட நிற்கமுடியாது. வைத்துவிட்டு வருவாள். ஒருநாள் போனபோது முந்தைய தடவை வைத்ததில் பாதி தின்றிருந்தது. ஆள் இல்லை. ரத்தம் இல்லை, செருப்பு இல்லை, ஒரு சத்தம் கேட்டதாகச் சொல்லவும் யாரும் இல்லை.

“செத்துட்டாருன்னு யாராவது சொல்லியிருந்தா அழுதுட்டு விட்டிருப்பேன். யாரும் சொல்லல. பாதி தின்னுட்டுத்தானே போயிருக்காரு, மிச்சத்துக்கு வருவாருன்னு மறுபடி வெச்சேன். அப்புறம் நிறுத்த முடியல.”

அவர் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு, நாலு பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகள் எல்லைதாண்டி வேலைக்குப் போயும் ஆயிற்று. மருலாப் பருவம் வந்தால் மட்டும் விறகுக்கு, கீரைக்கு என்று சொல்லிவிட்டு இங்கே வந்துவிடுவாள். முப்பத்தைந்து வருஷமாக வெலாபிக்குத் தெரியாது. தெரிந்தால் இத்தனை நாள் தன்னோடு இருந்தது இவள் பாதிதான் என்று நினைப்பார். “அது பொய். ஆனா நினைப்பாரு. நீ சொல்லிடாதே புள்ள.”

இரண்டு பேரும் ஒரே வார்த்தையை என்னிடம் சொல்லியாயிற்று. நடுவில் நான்.

அத்தை பேசினோடு உள்ளே போய்ச் சீக்கிரமே திரும்பினாள். நான் கேட்காமல் இருந்திருக்கலாம். “உள்ள உக்காந்து கொட்டை உடைச்சுத் திம்பீங்களா அத்தை?”

“நான் எதுக்கு உடைக்கப்போறேன்? வெச்ச கையோட வந்துருவேன். அங்க ஒரு நிமிஷம் நிக்க எனக்குப் பயமா இருக்கும்.” என் முகத்தைப் பார்த்தாள். “ஏன் கேக்கிற?”

ஒன்றுமில்லை என்றேன். எல்லைதாண்டப் போகிறவர்கள் ராத்தங்க இந்த மலைக்குகைகளில் ஒதுங்குவதுண்டு. அவர்களில் யாராவது உடைத்திருக்கலாம். மேய்ச்சல்காரர்கள் இருக்கிறார்கள். வீடு வந்து சேரும்வரை இப்படி ஒவ்வொரு ஆளாக நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். கல்லின் குழி மட்டும் அதற்கு ஒத்துவரவில்லை. அது ஒருநாள் இரண்டுநாள் தட்டி விழுந்த குழி அல்ல.

இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில் மாமாவே பேச்சை எடுத்தார். இந்தக் குளிர்காலத்தில் அண்ணனைக் கூட்டிவரப் போவதாகச் சொன்னார். எலும்பு கிடைக்காதவர்களுக்கு எங்களில் ஒரு வழி உண்டு. காட்டிலந்தை மரத்தின் கிளை ஒன்றை வெட்டி, ஆள் கடைசியாக இருந்த இடத்துக்குக் கொண்டுபோய், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஆவி கிளையில் வந்து ஏறிக்கொள்ளும். சுமக்கிறவன் வீடு வந்து சேரும்வரை கிளையோடு மட்டும்தான் பேசலாம், வேறு யாரோடும் ஒரு சொல் பேசக்கூடாது.

அத்தை களிச்சட்டியைக் கீழே வைத்தாள். “செத்தவங்களைத்தானே கிளையில கூட்டிட்டு வருவாங்க.”

“அவன் செத்துட்டான், மாநியாத்தி. குகையில உக்காந்து மருலா தின்னுக்கிட்டிருக்கான். ஈயே வந்து சொல்லியாச்சு. இந்தப் புள்ளையைக் கேளு.”

அத்தை என்னைப் பார்த்தாள், பிறகு அவரை. முகம் இறங்கிப்போயிருந்த அவரைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவள் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

“அந்தப் பழத்தை வெக்கிறது நான்.”

அடுப்பில் விறகு சரிந்தது. மாமா கோபப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“சாப்பிட்டானா?”

“நான் வெக்கிறதுல பாதி, அடுத்த தடவை போகும்போது இருக்காது” என்றாள் அத்தை.

அவர் எழுந்து மாட்டுப்பட்டிப் பக்கம் போனார். அன்றிலிருந்து அங்கே இருந்த பழைய குடிசையில் படுக்கத் தொடங்கினார். சாப்பாட்டுக்கு வருவார், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். அத்தை அதன்பிறகு என்னைக் கேலி செய்யவில்லை. மருலா தீர்ந்து, ஈயும் குறைந்தது. குப்பிகளைப் பஞ்சில் பொதிந்து எடுத்துக்கொண்டு நான் நகரத்துக்குக் கிளம்பியபோது இரண்டு பேரும் தனித்தனியாக வந்து வழியனுப்பினார்கள். ஒரு வீட்டைப் பிரித்துவிட்டு வந்தது போல இருந்தது. ஆய்வகத்தில் அந்தக் குகையின் குப்பியை மட்டும் பல நாள் திறக்காமல் வைத்திருந்தேன்.

குளிர் உச்சத்தில் இருந்தபோது அத்தை தொலைபேசியில் கூப்பிட்டாள். வழக்கமாகக் கூப்பிடும் மாமா அல்ல, அத்தையே.

“வண்டி எடுத்துட்டு வா புள்ள. குகையிலேருந்து அவரைக் கூட்டிட்டு வரணும்.”

மலைவழியே நடந்தே கொண்டுவந்துவிடலாமே, கிட்டத்தானே என்றேன். மலையைச் சுற்றித் தார்ச்சாலையில் போனால் தூரம் பல மடங்கு.

“அவரு ஒளிஞ்சு போனது ஒத்தையடிப் பாதையில. வரும்போது ரோட்டுலயே வரட்டும்” என்றாள்.

போனேன். இருவரும் வாசலில் தயாராக நின்றார்கள். மாமா கையில் கிளை. கொக்கிமுள்ளும் நேர்முள்ளுமாக, இலை உதிர்ந்த கிளை. வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு முள்ளுக்குள் கொஞ்சதூரம் நடந்தோம். அத்திவேரில் நான் கட்டிய கயிறு அப்படியே இருந்தது. குளிருக்கு ஈ ஒன்றுகூட இல்லை.

முதலில் அத்தை உள்ளே போனாள். தான் தனியாகப் பேசவேண்டும் என்றாள். நானும் மாமாவும் வெயிலில் நின்றோம். அவள் குரல் வளைவைத் தாண்டி மங்கலாகக் கேட்டது. எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரைக் கட்டிக்கொண்டாள், எப்போது, எத்தனை பிள்ளைகள், மூத்தவனுக்கு மலூசி என்று பேர் வைத்தது, வெலாபி தன்னை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை என்பது. பயமாக இருக்கும் என்று சொன்ன இடத்தில் அவள் வெகுநேரம் நின்றாள். அவள் பேசி முடித்துக் குரல் ஓய்ந்த பிறகு உள்ளேயிருந்து டொக் என்று ஒரு சத்தம் வந்தது. கல்லில் கல் தட்டுவது போல. இன்னொரு தடவை. குளிர்ந்த பாறை வெயில் ஏறும்போது விரிந்து இப்படிச் சத்தம் போடுவது எங்கள் மலையில் சகஜம். மாமா என்னைப் பார்த்தார். கிளை கையில் இருந்ததால் பேசமுடியாது. கிளையை இறுக்கிப் பிடித்ததில் முள் விரலில் கீறி ரத்தம் வந்தது.

அத்தை வெளியே வந்து, “போங்க” என்றாள்.

மாமா முதல்முறையாக அந்தக் குகைக்குள் போனார். கிளையால் தரையைத் தட்டுவது கேட்டது. “அண்ணே. மலூசி அண்ணே. வெலாபி வந்திருக்கேன். வா, வீட்டுக்குப் போவோம்.” வெளியே வந்தபோது அவர் கிளையைச் சுமந்த விதம் மாறியிருந்தது. கனமான எதையோ தூக்கி வருகிறவர் போல இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தார்.

வண்டியில் பின்னால் இருவரும், நடுவில் கிளை. ஒவ்வொரு திருப்பத்திலும் மாமா தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். “அண்ணே, இது புதுப் பாலம், ஓடையைத் தாண்டுறோம். அண்ணே, இங்கதான் பள்ளிக்கூடம் இருந்துச்சு.”

சந்திப்பில் போலீஸ் தடுப்பு. இளவயதுக்காரர் ஒருவர் வந்து என் உரிமத்தைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் குனிந்து மாமாவிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மாமா கிளையைப் பார்த்தபடி இருந்தார். இன்னொரு தடவை கேட்டார், குரல் தடித்தது. இறங்கச் சொல்லிக் கதவில் கைவைத்தார். சீருடை போட்டவன் ஒருவன் மலூசி இருக்கும் இடத்தில் கைவைக்கிறான் என்றுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

“யாரும்மா இவரு? ஏன் வாய் திறக்கமாட்டேங்கிறாரு?”

“இவரு என் வீட்டுக்காரரு” என்றாள் அத்தை. பிறகு முள்ளைப் பார்க்காமல் கிளையின்மேல் கையை வைத்தாள். “இவரும்தான். மலையிலேருந்து கூட்டிட்டு வர்றோம் தம்பி. அந்த வருஷத்துலேருந்து அங்க இருந்தாரு.”

அந்தப் பையன் பிறக்காத வருஷம் அது. ஆனாலும் அவன் வீட்டிலும் யாரோ இருந்திருக்க வேண்டும். கதவிலிருந்து கையை எடுத்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தடுப்புக் கட்டையை அவனே போய் நகர்த்தினான். “மெதுவாப் போங்கம்மா” என்றான்.

வீட்டு வாசலில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். நான் எஞ்சினை நிறுத்தியதும் யாரும் கிட்டே வரவில்லை. அத்தை இறங்கிச் சுற்றிவந்து மாமா பக்கத்துக் கதவைத் திறந்துபிடித்தாள்.

“இறங்குங்க. வீடு வந்துருச்சு.”

இருவரில் யாரிடம் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. மாமா இறங்கினார். கிளையை உள்ளே கொண்டுபோய், பெரியவர்கள் காட்டிய இடத்தில், பின்சுவரோரம் சாய்த்துவைத்தார். அதற்குப் பிறகுதான் அழுதார். அத்தை அழவில்லை. பானைகளைப் பார்க்கப் போனாள். மறுநாள் காலையில் மாட்டுப்பட்டிக் குடிசையிலிருந்த போர்வைகள் முற்றத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

அடுத்த மருலாப் பருவத்தில் பொறிகளோடு மறுபடி போனேன். எந்தெந்த இடத்தில் மாட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தபோது மாமா, அந்தக் குகையிலும் ஒன்று மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். அத்தை சற்றுத் தள்ளி மரத்தடியில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு கணம் நின்றது, தலை நிமிரவில்லை.

வேண்டாம் மாமா, வேறு குகை காட்டுங்கள் என்றேன். அவர் உடனே சரி என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.